3,024 பேர் எங்கே?

1956 நவம்பர் 14. அல்ஜீரியா அப்போது பிரான்சின் பிடியில் இருந்தது. தலைநகர் அல்ஜீயர்ஸில், ஹம்மா பகுதி எரிவாயு ஆலையில், யாரும் புழங்காத அறை ஒன்றில் வெடிகுண்டு அகப்பட்டது. வைத்தவரும் அகப்பட்டார். அதே ஆலையில் லேத் வேலை பார்த்த ஃபெர்னான் இவ்தோன். அல்ஜீரியாவிலேயே பிறந்து வளர்ந்த ஐரோப்பியர், கம்யூனிஸ்ட், அல்ஜீரியாவின் விடுதலை வேண்டும் என்றவர். தொழிலாளிகள் வீட்டுக்குப் போன பிறகு, இரவு ஏழரை மணிக்கு வெடிக்கும்படி நேரம் குறித்திருந்தார். அந்தக் குண்டைப் போலீஸ் செயலிழக்க வைத்துவிட்டது. ஆனால் இன்னொரு குண்டும் ஊருக்குள் எங்கோ இருக்கிறது என்று தெரிய வந்தது.

நகரின் போலீஸ் நிர்வாகம் போல் தெத்ஜென் என்ற அதிகாரியின் பொறுப்பில் இருந்தது. இவ்தோனை வதைத்தால் இரண்டாவது குண்டு இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவான், அனுமதி கொடுங்கள் என்று போலீஸ் தலைவர் வந்து நின்றார். தெத்ஜென் மறுத்தார். குண்டு வெடித்தால் சாகிறவர்களின் பழி தன் தலையில்தான் விழும் என்று அவருக்குத் தெரியும். அன்று பிற்பகல் முழுக்க உடம்பு நடுங்கியது என்று பின்னாளில் வரலாற்றாசிரியர் அலிஸ்டர் ஹோர்னிடம் அவரே சொல்லியிருக்கிறார். இரண்டாவது குண்டு வெடிக்கவில்லை.

தொலைக்காட்சி விவாதங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. குண்டு வெடிக்க இன்னும் ஒரு மணி நேரம். வைத்தவன் உங்கள் கையில். அவனை வதைப்பீர்களா, நூறு பேரைச் சாக விடுவீர்களா? கேட்கிறவர்கள் இதைக் கற்பனையாகத்தான் கேட்கிறார்கள். அல்ஜீயர்ஸில் இது நிஜமாகவே ஒரு மனிதனின் மேசைக்கு வந்தது. அவர் முடியாது என்றார். கதையை இங்கேயே நிறுத்தினால் நல்ல நீதிக்கதையாக இருக்கும். ஆனால் அது இங்கே நிற்கவில்லை.

கீழே, விசாரணை அறையில், தெத்ஜெனின் உத்தரவு செல்லவில்லை. இவ்தோனைப் போலீசார் மின்சாரத்தாலும் தண்ணீராலும் வதைத்தார்கள். தோழர்கள் தப்பிப் போகட்டும் என்று முடிந்தவரை அவர் காலம் கடத்தினார். பத்தே நாளில், நவம்பர் 24 அன்று, ராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. அவர் வைத்த குண்டால் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. 1957 பிப்ரவரி 11 அன்று கில்லட்டினில் அவர் தலை வெட்டப்பட்டது. அப்போது பிரான்சின் நீதித் துறை அமைச்சராக இருந்தவர் பிரான்சுவா மித்தரான். 1981-ல் அதே மித்தரான் குடியரசுத் தலைவரான பிறகுதான் பிரான்சில் மரண தண்டனை ஒழிந்தது.

வதைக்கலாமா கூடாதா என்று யோசிக்கும்போது நம் மனக்கண்ணில் ஒரே ஓர் அறை, ஒரே ஒரு குற்றவாளி, ஒரே ஒரு மணி நேரம் தெரிகிறது. உண்மையில் அது ஓர் இலாகா. மேலே இருக்கிறவர் வேண்டாம் என்றாலும் கீழே அது தானாக நடக்கும். அல்ஜீயர்ஸின் கதையை நான் மறுபடி மறுபடி படிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரே நாளில் இரண்டு கதைகள்

நான் புதுச்சேரிக்காரி. பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எனக்கும் அல்ஜீரியாவுக்கும் என்ன உறவு என்று கேட்டால், முதலில் ஒரு தேதியைத்தான் சொல்வேன். 1954 நவம்பர் 1.

அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 18 அன்று, எங்கள் பக்கத்துக் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதே நாள், கடல்களுக்கு அப்பால், அல்ஜீரியத் தேசிய விடுதலை முன்னணி நாடெங்கும் தன் முதல் தாக்குதல்களை நடத்தியது. ஒரே பேரரசு, ஒரே நாள். இங்கே கையெழுத்தில் முடிந்த விஷயம் அங்கே ஏழரை ஆண்டுப் போராகத் தொடங்கியது. அங்கே ஏறத்தாழ 10 லட்சம் ஐரோப்பியர்கள் குடியேறியிருந்தார்கள். அல்ஜீரியாவைக் காலனி என்றுகூடப் பாரிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. பிரான்சின் ஒரு பகுதி என்றுதான் அதைச் சொல்லிக்கொண்டது.

இரண்டாவது உறவு என் பெரியப்பா. அவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் சேவகம் செய்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம். இந்தோசீனாவுக்குப் போய், அங்கிருந்து அல்ஜீரியாவுக்குப் போனவர்கள் பலர். இப்போதும் ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் பதக்கம் குத்திக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பெரியப்பா லாரி ஓட்டினார். இந்தோசீனாவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். அல்ஜீரியா என்றால் பேச்சை மாற்றிவிடுவார். கல்லூரியில் படிக்கும்போது நான் விடாமல் கேட்டதற்கு ஒரே ஒரு தடவை பதில் சொன்னார்: “ராத்திரியில வண்டிய எடுன்னு சொல்லுவான். எடுக்கணும். பின்னாடி என்ன ஏத்தியிருக்குன்னு கேக்கக் கூடாது பாப்பா. வண்டி ஓட்டறவன் வேலை வண்டி ஓட்டறது.”

அவர் யாரையும் தொட்டிருக்க மாட்டார் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அந்த இலாகாவுக்கு லாரியும் தேவைப்பட்டது, அதை ஓட்ட ஆளும் தேவைப்பட்டது.

பால் கடையில் வெடித்த குண்டு

போராளிகளின் பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1956 ஜூனில் அல்ஜீரியக் கைதிகள் இருவரைப் பிரெஞ்சு அரசு கில்லட்டினில் கொன்றது. பதிலுக்கு விடுதலை முன்னணியினர் அல்ஜீயர்ஸ் தெருக்களில் ஐரோப்பியர்களைச் சுட்டார்கள். ஆகஸ்ட் 10 நள்ளிரவில், கஸ்பா எனப்படும் பழைய நகரின் தேப் தெருவில், ஐரோப்பியத் தீவிரவாதிகள் குண்டு வைத்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த அல்ஜீரியக் குடும்பங்கள் இடிபாடுகளில் புதைந்தன. அதைச் செய்தவர்களை யாரும் தேடிப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 30, ஞாயிறு. மூன்று இளம்பெண்கள் ஐரோப்பியப் பெண்களைப் போல உடுத்திக்கொண்டு, கடற்கரைப் பைகளில் குண்டுகளை மறைத்துக்கொண்டு சோதனைச் சாவடிகளைத் தாண்டினார்கள். அவர்களில் ஒருத்தி சோஹ்ரா த்ரிஃப், சட்டம் படித்த மாணவி. கடற்கரையிலிருந்து திரும்பும் குடும்பங்கள் ஐஸ்கிரீம் சாப்பிடக் கூடும் மில்க் பார் என்ற கடையில் அவர் தன் பையை வைத்துவிட்டு வந்தார். இன்னொரு குண்டு மாணவர்கள் கூடும் காஃபிட்டேரியாவில் வெடித்தது. மூன்றாவது வெடிக்கவில்லை. மூன்று பேர் இறந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

மில்க் பாரில் ஐந்து வயதுக் குழந்தை ஒருத்தி இருந்தாள். பெயர் தானியேல் மிஷெல்-ஷிக். பாட்டி அந்த இடத்திலேயே இறந்தார். குழந்தையின் ஒரு கால் போயிற்று. அவர் வளர்ந்து பத்திரிகையாளரானார். 2012-ல் சோஹ்ரா த்ரிஃபுக்கு எழுதும் கடிதமாகவே ஒரு புத்தகம் எழுதினார். அதே ஆண்டு மார்செய் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில், அப்போது அல்ஜீரிய மேலவை உறுப்பினராக இருந்த த்ரிஃபை நேருக்கு நேர் கேட்டார். குழந்தைகள் இருக்கும் இடத்தில் குண்டு வைத்ததைப் பற்றி இன்று என்ன நினைக்கிறீர்கள்? இதை என்னிடம் கேட்காதீர்கள், எங்களை அடிமைப்படுத்திய பிரெஞ்சு ஆட்சியிடம் கேளுங்கள் என்கிற பொருளில் பதில் வந்தது.

அந்தப் பதிலில் உண்மை இல்லாமல் இல்லை. காலனி ஆட்சி இல்லாவிட்டால் அந்தக் குண்டும் இல்லை. வாக்கு, நிலம், நீதி எல்லாம் மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தைப் பார்த்து, அமைதியாகப் போராடியிருக்கலாமே என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். கோபத்தின் நியாயத்தை நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஆட்சிக்கு எதிரான கோபம் எப்படி ஓர் ஐந்து வயதுக் குழந்தையின் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தது? பட்டாளத்துச் சாவடியில் வைக்காமல் ஐஸ்கிரீம் கடையில் வைத்தது ஒரு தேர்வு. தேர்ந்தெடுத்தவர்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ‘அவர்கள் எங்களை அப்படிச் செய்ய வைத்தார்கள்’ என்ற வாக்கியம் அந்தப் பொறுப்பை அடுத்தவர் தோளுக்கு மாற்றிவிடுகிறது. சில மாதங்களில் எதிர்த்தரப்பும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லப்போகிறது.

பட்டாளம் வந்தது

1957 ஜனவரி 7 அன்று அல்ஜீயர்ஸின் போலீஸ் அதிகாரங்கள் ஜெனரல் ழாக் மாஸ்யூவின் பாராசூட் படைப்பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டன. குண்டு வைப்பவர்களின் வலையமைப்பை உடைக்க வேண்டும் என்பதே கட்டளை. வீடு வீடாக ஆட்களை அள்ளினார்கள். ஒருவரை வதைத்து ஒரு பெயர், அந்தப் பெயரை வதைத்து இன்னொரு பெயர். ராணுவத் தொலைபேசிக்கு மின்சாரம் தரும் கைச்சுழல் டைனமோவைக் கைதிகளின் உடம்பில் பொருத்தினார்கள். தொட்டித் தண்ணீரில் தலையை அமுக்கினார்கள்.

அந்த டைனமோவைத் தன் உடம்பிலேயே வைத்துச் சோதித்துப் பார்த்ததாக மாஸ்யூ 1971-ல் எழுதினார். தாங்க முடியாத ஒன்றல்ல என்று காட்டுவது நோக்கம். ஆனால் அவர் சொன்னால் நிறுத்திவிடுவார்கள். அது அவருக்குத் தெரியும். சுழற்றியவர் அவருக்குக் கீழே வேலை செய்தவர். கைதிக்கு நிறுத்தும் அதிகாரம் கிடையாது. எப்போது முடியும், முடியுமா என்பதும் தெரியாது. வதையின் சாரமே அதுதான். வலியை அளந்து பார்த்த ஜெனரல், நிர்க்கதியை அளக்க மறந்துவிட்டார்.

பிப்ரவரியில் விடுதலை முன்னணியின் தலைவர்களில் ஒருவரான லார்பி பென் மிஹிதி பிடிபட்டார். சிறையில் தூக்கு மாட்டிக்கொண்டார் என்று ராணுவம் மார்ச்சில் அறிவித்தது. அவரைக் கொண்டுபோய்த் தூக்கில் போட்டது தானே என்று ஜெனரல் போல் ஓசாரெஸ் 2001-ல் தன் புத்தகத்தில் எழுதினார், வருத்தம் இல்லாமல். பிரெஞ்சு அரசு அந்தக் கொலையை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்ட நாள் 2024 நவம்பர் 1.

ஜூன் 11 அன்று மொரிஸ் ஒதேன் கைது செய்யப்பட்டார். வயது 25. அல்ஜீயர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர், கம்யூனிஸ்ட், மூன்று குழந்தைகளின் தந்தை. மறுநாள் அவர் வீட்டுக்கு வந்த பத்திரிகை ஆசிரியர் ஆன்றி அலெக்கும் அங்கே காத்திருந்தவர்களின் கையில் சிக்கினார். அலெக் எந்தப் பெயரையும் சொல்லாமல் தாக்குப்பிடித்தார். தனக்கு நடந்ததைச் சிறையில் ஒளித்து ஒளித்து எழுதி, வழக்கறிஞர்கள் வழியாக வெளியே அனுப்பினார். 1958 பிப்ரவரியில் பாரிஸில் அது புத்தகமாக வந்தது. ஆயிரக்கணக்கில் விற்ற பிறகு அரசு பறிமுதல் செய்தது. ஒதேன் திரும்பவே இல்லை. தப்பி ஓடிவிட்டார் என்றது ராணுவம். அவர் எழுதி வைத்திருந்த முனைவர் பட்ட ஆய்வேட்டை, ஆய்வாளர் இல்லாமலேயே, 1957 டிசம்பரில் பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் கூடி ஏற்றுக்கொண்டார்கள். ஒதேனின் மரணத்துக்கு அரசே பொறுப்பு என்று ஒரு குடியரசுத் தலைவர் வந்து அவர் மனைவியிடம் சொல்ல 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதிகாரியின் கணக்கு

தெத்ஜென் இந்த மாதங்களில் என்ன செய்துகொண்டிருந்தார்?

அவர் சாதாரண அதிகாரி அல்ல. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்த ரகசிய இயக்கத்தில் இருந்தவர். கெஸ்டபோவின் பாதாள அறையில் வதைபட்டவர். தாஹௌ வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். பட்டாளம் வந்த பிறகு அவரால் வதையை நிறுத்த முடியவில்லை. முடிந்த ஒன்றைச் செய்தார். பிடித்துவரும் ஒவ்வொருவருக்கும் ஒரு காவல் உத்தரவு எழுதப்பட வேண்டும், அதில் தன் கையெழுத்து இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். சட்டத்துக்குப் புறம்பான கைதுகளுக்கு அது ஒரு சட்டப் போர்வையாக ஆகிவிடும் அபாயம் இருந்தது. ஆனால் தாள் ஒன்று இருந்தால்தானே பிறகு ‘இவர் எங்கே’ என்று கேட்க முடியும்?

சுமார் 24,000 உத்தரவுகளில் கையெழுத்திட்டார். பிறகு கணக்குப் பார்த்தார். முகாம்களில் இருப்பவர்கள் இத்தனை, விடுதலையானவர்கள் இத்தனை என்று கழித்துக்கொண்டே வந்தபோது, அவர் கணக்குப்படி, 3,024 பேர் எதிலும் இல்லை.

மார்ச் 24 அன்றே, அல்ஜீரியாவுக்கான அமைச்சர் ரொபேர் லகோஸ்த்துக்குத் தன் பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்திருந்தார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான்சி நகரின் கெஸ்டபோ அறைகளில் தான் பட்ட அதே காயங்களின் தழும்புகளை முகாம்களில் பார்த்த கைதிகளின் உடம்பில் கண்டதாக அதில் எழுதியிருந்தார். அமைச்சர் ஏற்கவில்லை, இருங்கள் என்றார். செப்டம்பரில் தெத்ஜென் வெளியேறினார்.

அதே மார்ச்சில் ஜெனரல் ழாக் பாரி த பொலார்தியேர், இந்த முறையில் போர் நடத்த முடியாது என்று பொறுப்பிலிருந்து விடுவிக்கக் கேட்டார். நாஜிகளை எதிர்த்துப் போரிட்டு, 1944-ல் பிரான்சுக்குள் பாராசூட்டில் குதித்து, பதக்கம் மேல் பதக்கம் வாங்கிய வீரர். தன் கருத்தைப் பத்திரிகையில் வெளியிட்டதற்காக 60 நாள் கோட்டைக் காவல் கிடைத்தது. வதைத்தவர்கள் யாருக்கும் அந்தத் தண்டனைகூடக் கிடைக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு பெண். மானுடவியலாளர் ஜெர்மேன் தியோன். ராவன்ஸ்புருக் வதைமுகாமில் இருந்தவர். தாயை அங்கேதான் இழந்தார். 1957 ஜூலை 4 அன்று, யாரைப் பார்க்கப் போகிறோம் என்றே தெரியாமல், கஸ்பாவின் ஒரு வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். எதிரே இருந்தவர் யாசெஃப் ஸாதி, குண்டு வைக்கும் குழுக்களின் தலைவர். பிரான்சே தேடிக்கொண்டிருந்த மனிதர். தியோன் பயப்படவும் இல்லை, குழையவும் இல்லை. நீங்கள் கொலைகாரர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஸாதி மறுக்கவில்லை, கண்கலங்கி ஒப்புக்கொண்டார் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். மணிக்கணக்கில் பேசினார்கள். மரண தண்டனைகளை அரசு நிறுத்தினால், பொதுமக்கள் மீதான தாக்குதலை நிறுத்துகிறோம் என்றார் ஸாதி. தியோன் பாரிஸுக்கு ஓடினார். அரசு கேட்கவில்லை, அதே மாதம் மறுபடி தலைகள் விழுந்தன. ஆனால் அதற்குப் பிறகு வெடித்த குண்டுகள் உயிரைக் குடிக்காமல் வைக்கப்பட்டன. ஸாதி சொன்ன சொல்லைக் காத்தார் என்று தியோன் நம்பினார். ஸாதி பிடிபட்டு மரண தண்டனை பெற்றபோது அவர் உயிரைக் காக்கவும் தியோனே முன்னின்றார்.

இந்த மூவரையும் மென்மையானவர்கள் என்று ஒதுக்க முடியாது. மூவருமே நாஜிகளை எதிர்த்த போராட்டத்தை உள்ளிருந்து அறிந்தவர்கள். அவர்களில் தெத்ஜென் தன் உடம்பிலும் தியோன் தன் குடும்பத்திலும் எதிரியின் கொடுமையை அனுபவித்தவர்கள். வதை தேவைப்படும் என்று சுலபமாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வதையைப் பார்க்காதவர்கள்.

பலன் கிடைத்ததா?

இங்கே நான் நழுவப் போவதில்லை. வதையால் எதுவும் தெரியவராது என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அல்ஜீயர்ஸில் தெரியவந்தது. 1957 அக்டோபருக்குள் குண்டு வைக்கும் வலையமைப்பு சிதைந்துபோயிற்று. மில்க் பார் போன்ற கடைகளில் மக்கள் மறுபடி பயமில்லாமல் உட்கார்ந்தார்கள். காப்பாற்றப்பட்ட உயிர்களை மாஸ்யூவின் ஆதரவாளர்கள் கணக்கில் காட்டினார்கள்.

அப்படியானால் முழுக் கணக்கையும் போடுவோம். ஒரு குற்றவாளியைப் பிடிக்க எத்தனை பேரைப் பிடித்தார்கள்? 24,000 உத்தரவுகள். அத்தனை பேருமா குண்டு வைத்தவர்கள்? எதுவும் தெரியாதவர்தான் அதிக நேரம் வதைபடுவார், ஏனென்றால் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. அவர் வீட்டுக்குத் திரும்பும்போது, அதுவரை ஒதுங்கியிருந்த குடும்பமும் தெருவும் முன்னணியின் பக்கம் சாய்ந்திருக்கும். 1960 டிசம்பர் 11 அன்று, வலையமைப்பே இல்லாத அதே அல்ஜீயர்ஸின் தெருக்களில், கொடிகளோடு மக்கள் வெள்ளமாக இறங்கினார்கள். 1962 ஜூலை 5 அன்று அல்ஜீரியா விடுதலை பெற்றது. நகரத்தை வென்ற ராணுவம் நாட்டை இழந்தது.

பாடம் கற்ற கைகள் சும்மா இருக்கவில்லை. 1961 ஏப்ரலில் அல்ஜீயர்ஸில் பிரெஞ்சு ஜெனரல்களே தங்கள் அரசுக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். அக்டோபர் 17 அன்று பாரிஸில் ஊர்வலம் போன அல்ஜீரியர்களைப் பாரிஸ் போலீஸ் அடித்துக் கொன்று, உடல்களை சேன் நதியில் வீசியது. அந்தப் போலீசுக்குத் தலைவர் மொரிஸ் பாப்போன். அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் பகுதியை நிர்வகித்துவிட்டு வந்தவர். அதற்கும் முன்னால், ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில், போர்தோவிலிருந்து யூதர்களை ரயிலேற்றி அனுப்பிய நிர்வாகத்தில் இருந்தவர். ஓசாரெஸ் அமெரிக்காவின் ஃபோர்ட் பிராக் ராணுவப் பள்ளியில் பாடம் நடத்தினார். பிறகு பிரேசிலுக்கும் போனார்.

போராளிகளின் பக்கமும் அப்படியே. 1957 மே மாதம் மெலூசா என்ற கிராமத்தில், போட்டி இயக்கத்தை ஆதரித்ததற்காக, சுமார் 300 அல்ஜீரியர்களை முன்னணியினரே கொன்றார்கள். மறு ஆண்டு, பிரெஞ்சு உளவுத் துறை கிளப்பிவிட்ட சந்தேகத்தை நம்பி, முன்னணியின் ஒரு படைத் தளபதி தன் ஆட்களையே துரோகிகள் என்று வதைத்துக் கொன்றார். வதையில் ஒருவன் இன்னொருவன் பெயரைச் சொல்ல, சொல்லச் சொல்ல துரோகிகள் பெருகினார்கள். விடுதலை கிடைத்து மூன்றே ஆண்டில், 1965-ல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. புதிய அரசை எதிர்த்த கம்யூனிஸ்ட் கவிஞர் பஷீர் ஹாஜ் அலியைச் சுதந்திர அல்ஜீரியாவின் போலீசார் வதைத்தார்கள். எஜமானர்கள் போய்விட்டார்கள், முறை தங்கிவிட்டது.

பெருங்காயம் காலியான டப்பாவிலும் வாசனை போகாது என்பார்கள். காரணம் தீர்ந்த பிறகும் பழக்கம் தீராது. வதையைப் பற்றிய என் முடிவு இதிலிருந்துதான் வருகிறது. ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அனுமதித்துவிட்டு மூடிவிடக்கூடிய கதவு அது இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்குத் தயாராக இருக்க வேண்டும் என்றால், வதைக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். தெரிய வேண்டும் என்றால் பழக வேண்டும். யார் மீது பழகுவார்கள்? உயிர் போகாமல் பார்த்துக்கொள்ள மருத்துவர், பொய் அறிக்கை எழுத குமாஸ்தா, கேள்வி கேட்காமல் லாரி ஓட்ட ஓர் ஆள். இப்படி ஓர் இலாகா உருவான பின், குண்டு இல்லாத நாட்களில் அது என்ன செய்யும்?

நம் பக்கத்துக் கேள்வி

நம் நாட்டில் பதில் தெரிந்த கேள்விதான் அது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டது குண்டு வைத்ததற்காக இல்லை. ஊரடங்கு நேரம் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் புகார். இருவரும் சில நாட்களில் இறந்தார்கள். தீவிரவாதிக்காக நாம் சேர்த்து வைத்த ‘வேறு வழியில்லை’ என்ற நியாயம் கடைசியில் கடைக்காரர் முதுகில்தான் விழுகிறது. அன்றும் மறுத்த ஒருவர் இருந்தார். நிலையத்தில் இரவுப் பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர், நடந்ததை நீதித்துறை நடுவரிடம் சொன்னார்.

எந்தச் சூழ்நிலையும், போரும்கூட, வதைக்கு நியாயமாகாது என்கிறது ஐ.நா.வின் 1984-ம் ஆண்டு உடன்படிக்கை. இந்தியா 1997-ல் அதில் கையெழுத்திட்டது. இன்று வரை உறுதிசெய்து ஏற்கவில்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியமாக்கக் கூடாது என்று 1872-லேயே சாட்சியச் சட்டம் சொல்லிவிட்டது. தடா போன்ற சிறப்புச் சட்டங்கள் வந்தபோது, தீவிரவாதத்தைக் காரணம் காட்டி, அந்த வேலியைத்தான் முதலில் பிடுங்கினார்கள்.

1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சில விதிகளை வகுத்தது. கைது செய்யும்போது குறிப்பாணை எழுத வேண்டும். அதில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும். குடும்பத்தினர் ஒருவரோ அந்த வட்டாரத்து மதிப்புள்ளவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். படிக்கும்போது அரசு அலுவலகப் படிவம் போலச் சப்பென்று இருக்கும். என் மாணவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. தெத்ஜென் வைத்திருந்த கணக்கைச் சொன்ன பிறகு ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், அப்போ அந்த 3,024 பேர் இருந்தாங்கன்னு நமக்குத் தெரியறதே அவர் எழுதி வெச்சதாலதானா?”

ஆமாம், அதனால்தான். குண்டு வெடிக்கப்போகும் ஒரு மணி நேரத்தில் வீரமாக நிற்கும் வாய்ப்பு நம்மில் யாருக்கும் வராது. நமக்கு வரக்கூடியது வேறு. பக்கத்து வீட்டுப் பையனை ஜீப்பில் ஏற்றும்போது, குறிப்பாணை எங்கே என்று கேட்பது. சாட்சிக் கையெழுத்துப் போட முன்வருவது. காயம் இருப்பவருக்குக் காயம் இல்லை என்று எழுதித்தரச் சொன்னால், மருத்துவராக மறுப்பது. நம் தரப்பு ஐஸ்கிரீம் கடையில் குண்டு வைத்தால், எதிர்த்தரப்பின் கொடுமைகளை அடுக்காமல் அது கொலைதான் என்று சொல்வது. இதையெல்லாம் செய்ய மேசையில் ஒரு பேனாவும், கொஞ்சம் பிடிவாதமும் போதும். அல்ஜீயர்ஸில் ஓர் அதிகாரியிடம் இருந்ததும் அவ்வளவுதான். அவர் ஒருவரால் வதையை நிறுத்த முடியவில்லை. அவரைப் போல நூறு பேர் இருந்திருந்தால் நடத்தியிருக்கவே முடியாது.